மான் உரிக்கும் கத்தி

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் இலையுதிர்காலந்தோறும் உரிமச்சீட்டுப் பெற்று வெண்வால் மானை வேட்டையாடுவோர் பலர். நம் தேசத்திலோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றமாகும்; ஆதலின் இக்கத்தியை நாம் கையாளப் போவதில்லை. ஆயினும் அதனைத் தெரிந்தெடுக்கும் முறை அறியத்தக்கது.

பெரிய விலங்கிற்குப் பெரிய கத்தியே வேண்டுமென எண்ணுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறானது. வீழ்ந்த மானின் குடலை விரைந்து நீக்காவிடின் உடற்சூடு தணியாமல் இறைச்சி கெடும். அங்ஙனம் நீக்குங்கால் கத்திமுனை இரைப்பையையோ மூத்திரப்பையையோ குத்திவிட்டால், உள்ளிருப்பது கசிந்து இறைச்சியைப் பாழாக்கும். ஆகவே 3 அல்லது 4 அங்குல அலகே சாலும். சுட்டுவிரலை அதன் முதுகின்மேல் வைத்து முனை செல்லுமிடத்தை உணர்ந்துகொள்ளலாம். அம்முதுகு நுனியை நோக்கிச் சற்றே தாழ்ந்திருத்தல் நன்று. பாப் லவ்லெஸ் (1929–2010) என்னும் அமெரிக்கர் செய்த கத்திகளால் இவ்வடிவம் பெரிதும் பரவிற்று. கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, உள்ளிருந்து வெளியே தோலைக் கீறுவதே முறை. வெளியிலிருந்து கீறின், உரோமம் கத்தியை மழுக்குவதோடு இறைச்சியிலும் ஒட்டும்.

தோலுரிப்பதற்கு வாய் நன்கு வளைந்த அலகு உதவும். கரிம எஃகு எளிதிற் சாணையேறும், ஆனால் துருப்பிடிக்கும். குருதியும் ஈரமும் மிக்க இவ்வேலைக்குத் துருவேறா எஃகே தக்கதென்பது நம் கருத்து. பிடி, நனைந்த கையிலும் வழுக்கலாகாது. எலும்பைப் பிளக்க இக்கத்தியை நெம்புவோரும் உளர். அதற்குச் சிறு இரம்பம் வேறு இருக்கின்றதே!