குளிரூட்டியும் வெப்பமும்

பள்ளி முடிந்து, வியர்வை சொட்டச் சொட்ட வீடு திரும்பும் மாணவர் முதலில் என்ன செய்வார்? பல வீடுகளில் அவரது கை குளிரூட்டியின் விசையைத்தான் தேடும். சில நிமிடங்களில் அறை குளிர்ந்துவிடும். ஆனால், அறையிலிருந்த வெப்பம் மறைந்துவிடுவதில்லை.

குளிரூட்டி அந்த வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அதற்கு மிகுதியான மின்சாரமும் தேவைப்படுகிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு, இயற்கை எரிவாயுவை எரித்துத் தயாரிக்கப்படுகிறது. அப்போது வெளியாகும் கரியமில வாயு, பூமியைப் போர்வைபோல் மூடி வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெப்பம் கூடினால் குளிரூட்டியின் பயன்பாடும் கூடுகிறது. மீண்டும் மின்சாரம், மீண்டும் வெப்பம் என இச்சுழற்சி நீள்கிறது.

இதை வீட்டிலேயே தளர்த்த முடியும். மின்விசிறிக்குத் தேவைப்படும் மின்சாரம் மிகவும் குறைவு. வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்க, பல வேளைகளில் அதன் காற்றே போதும். குளிரூட்டி தேவைப்படும்போது, அதன் வெப்பநிலையை 25 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் வைக்குமாறு தேசியச் சுற்றுப்புற வாரியம் அறிவுறுத்துகிறது. மேற்கு வெயில் படும் சன்னலுக்குத் திரையிடுவதும், குளிரூட்டியின் வடிகட்டியில் படியும் தூசியை அவ்வப்போது அகற்றுவதும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும்.

புதிய சாதனம் வாங்குவோர் அதில் ஒட்டப்பட்டுள்ள 'டிக்' குறிகளைக் கவனிக்க வேண்டும். குறிகள் கூடுதலாக இருந்தால், மின்சாரச் செலவு குறைவு என்று பொருள். இத்தகைய சாதனங்களை வாங்க உதவியாக, 2024ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வசிக்கும் குடும்பங்களுக்கு 300 வெள்ளி மதிப்புள்ள பற்றுச்சீட்டுகளை அரசாங்கம் வழங்கியது.

உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சிங்கப்பூரின் பங்கு ஏறத்தாழ 0.1 விழுக்காடுதான். அப்படியிருக்க, ஒரு வீட்டின் முயற்சியால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். ஆனால், இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்திலேயே உள்ளது. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் பாதிக்கப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஆகவே, மற்றவர்கள் தொடங்கட்டும் என்று இங்குள்ளோர் காத்திருக்க முடியாது.

சிங்கப்பூரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் உள்ளன. ஒரு வீட்டில் மிச்சமாகும் மின்சாரம் சிறிதுதான். பத்து லட்சம் வீடுகளில் மிச்சமானால் அது சிறிதல்ல. சிறு துளி பெருவெள்ளம் அல்லவா?