அமெரிக்க மேற்கின் சலூன்களில் உணவும் மதுவும்

சலூன் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புற ஊர்களில் இயங்கிய மதுக்கடை ஆகும். தமிழில் இச்சொல் முடிதிருத்தும் கடையைக் குறிப்பதால் குழப்பம் நேரலாம். இரண்டுமே பெரிய கூடம் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தவை. மாடு மேய்ப்போர், சுரங்கத் தொழிலாளர், இருப்புப்பாதைக் கூலிகள், படைவீரர் ஆகியோர் இக்கடைகளின் வாடிக்கையாளர்களாக இருந்தனர்.

மது வகைகள்

விஸ்கியே முதன்மையான மது. அது கெட்டுப்போவதில்லை, மாட்டு வண்டியில் பீப்பாயாக நெடுந்தொலைவு கொண்டு செல்லலாம். தொலைதூர ஊர்களில் கலப்படம் மலிந்திருந்தது. வெறும் சாராயத்தில் தண்ணீர் ஊற்றி, நிறத்துக்கு எரித்த சர்க்கரையும் காரத்துக்குப் புகையிலையும் சேர்த்து விஸ்கி என விற்றனர். விஸ்கியின் தரத்துக்கு அரசு முத்திரை வழங்கும் சட்டம் 1897இல்தான் வந்தது. அதற்குள் எல்லைப்புறக் காலமே ஏறக்குறைய முடிந்துவிட்டது.

பீர் எளிதில் புளித்துவிடும் என்பதால், அருகில் வடிப்பாலை இருந்த ஊர்களில் மட்டுமே நல்ல பீர் கிடைத்தது. கொலராடோவின் கோல்டன் நகரில் 1873இல் தொடங்கிய கூர்ஸ் ஆலை அத்தகையது. பாஸ்டர் முறையில் சூடேற்றிப் பதப்படுத்துவதும், பனிக்கட்டி வைத்த இரயில் பெட்டிகளும் 1870களில் பரவிய பின்னரே பீர் தொலைவிடங்களை எட்டியது.

மேற்கில் 12½ சென்ட் ஒரு 'பிட்' எனப்பட்டது. ஆனால் அம்மதிப்பில் நாணயம் இல்லை. ஒரு பிட் விலையுள்ள மதுவுக்கு 25 சென்ட் கொடுத்தவருக்கு 10 சென்ட்டே மீதி கிடைத்தது. இந்தச் சில்லறைக் கணக்கில் கடைக்காரர் நட்டப்பட்டதில்லை.

இலவச மதிய உணவு

தொடக்ககால முகாம்களில் கூடாரச் சலூன்கள் மது மட்டுமே விற்றன. நகரங்கள் வளர்ந்து போட்டி மிகுந்தபோது, ஒரு குவளை வாங்கியவருக்கு உணவு இலவசம் என்னும் வழக்கம் பரவியது. மேசையில் பன்றித் தொடைக்கறி, பாலாடைக்கட்டி, ரொட்டி, அவித்த முட்டை, உப்பிட்ட மீன், ஊறுகாய் முதலியன இருந்தன. பெரும்பாலானவை உப்பு மிகுந்தவை என்பது தற்செயல் அன்று. உண்டவருக்குத் தாகம் எடுக்கும், அடுத்த குவளையும் விற்கும். குடிக்காமல் உண்டவரை வெளியேற்றவும் ஆள் இருந்தது.

ஆனாலும் இதை வெறும் தந்திரம் என்று ஒதுக்க முடியாது. 1889இல் சான் பிரான்சிஸ்கோ சென்ற எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங், நாளொன்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவான செலவில், கையில் காசற்றவனும் அங்கு வயிறார உண்ணலாம் என்று வியந்து எழுதினார். குடும்பமின்றி வாடகை அறைகளில் தங்கிய தொழிலாளர் பலருக்கு அதுவே அன்றைய சாப்பாடு. மதுவிலக்கு இயக்கத்தினர் இதைத் தூண்டில் இரை என்றே கண்டனர். எனினும் சலூனை மூடினால் இவர்கள் எங்கே உண்பார்கள், எங்கே கூடுவார்கள் என்ற கேள்வியைச் சீர்திருத்தவாதிகளே எழுப்பினர். ரேமண்ட் கால்கின்ஸ் 1901இல் வெளியிட்ட நூல் சலூனுக்கான மாற்றுகளையே ஆராய்ந்தது.

கன்சாஸ் மாநிலம் 1881இலேயே மதுவைத் தடைசெய்தது. ஆயினும் அம்மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில் சலூன்கள் மேலும் சில ஆண்டுகள் வெளிப்படையாக இயங்கின. 1920இல் நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது சலூன்களோடு இலவச உணவு மேசையும் மறைந்தது. 'இலவச மதிய உணவு என ஒன்று இல்லை' என்னும் தொடர் மட்டும் நிலைத்தது; பொருளியலாளர் மில்ட்டன் ஃப்ரீட்மன் 1975இல் வெளியிட்ட நூலுக்கு அதையே தலைப்பாக்கினார்.