காலில் நரம்பு சுருண்டிருக்கா? சேலைக்குள் மறைக்காதீங்க!



நடவு வயலிலும், சந்தையிலும், அடுப்படியிலும் நாள் பூரா நிற்கிறோம். ராத்திரி படுத்த பிறகுதான் கால் கடுப்பது தெரிகிறது. "நின்னா வலிக்கத்தானே செய்யும்" என்று தைலத்தைத் தேய்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

நம் குழு அக்கா ஒருவர் கணுக்காலுக்கு மேலே இருந்த புண்ணை இரண்டு வருடமாகத் துணி சுற்றி மறைத்து வைத்திருந்தார். சர்க்கரைப் புண்ணோ, காலை எடுத்துவிடுவார்களோ என்று பயம். நாங்கள் அழைத்துப் போய்ப் பரிசோதித்தபோது சர்க்கரையே இல்லை. சுருண்ட நரம்புதான் காரணம். டாக்டர்கள் இதை 'வெரிகோஸ் வெயின்' என்கிறார்கள்.

இது ஏன் வருகிறது?

நாம் நரம்பு என்று சொன்னாலும் இது இரத்தக்குழாய். காலில் உள்ள இரத்தம் மேலே இதயத்துக்குப் போக வேண்டும். திரும்பிக் கீழே இறங்காமல் இருக்க, குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு பழுதானால் தண்ணீர் இறங்கிவிடும் அல்லவா? அதே மாதிரி இங்கே இரத்தம் இறங்கித் தேங்கி, குழாய் புடைத்துச் சுருள்கிறது.

கெண்டைக்கால் சதைதான் மோட்டார். நடந்தால் அது இரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் தள்ளாது. கர்ப்பம், உடல் பருமன், வயது, குடும்பத்தில் யாருக்காவது இருப்பது ஆகியவையும் காரணங்கள். கர்ப்பத்தில் வருவது பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் குறைந்துவிடும்.

அறிகுறிகள்

* நீலமாகப் புடைத்த, சுருண்ட நரம்பு
* சாயங்காலம் கால் கனத்தல், கணுக்கால் வீக்கம்
* இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தல்
* கணுக்கால் பக்கம் அரிப்பு, தோல் கறுத்துத் தடித்தல்
* ஆறாத புண்

தோல் கறுக்க ஆரம்பித்தாலே டாக்டரிடம் போக வேண்டும். புண் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நாமே செய்யக்கூடியது

ஒரே இடத்தில் நிற்க வேண்டி வந்தால் அடிக்கடி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். தினமும் நடங்கள். ஓய்வு கிடைக்கும்போது படுத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் 15 நிமிடம் வையுங்கள். புடைத்த இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம். புண்ணில் சாம்பலோ பச்சிலையோ வைக்க வேண்டாம்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

டாப்ளர் ஸ்கேன் எடுத்து, எந்த வால்வு பழுது என்று பார்ப்பார்கள். வலியில்லாத ஸ்கேன்தான். ஆரம்ப நிலையில் இறுக்கமான காலுறை தருவார்கள். காலையில் எழுந்ததும் போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள். காலுக்கு இரத்த ஓட்டம் குறைவாக உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

காலுறை வலியையும் வீக்கத்தையும் குறைக்கும். பழுதான குழாயைச் சரிசெய்யாது. அதற்கு ஊசி மருந்து, லேசர், ஆபரேஷன் என்று வழிகள் உண்டு. லேசர் செய்தவர்கள் பெரும்பாலும் அன்றே நடக்கலாம். "அந்தக் குழாயை அடைத்தால் இரத்தம் எப்படிப் போகும்?" என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய குழாய்கள் பார்த்துக்கொள்ளும்.

உடனே போக வேண்டியது எப்போது?

நரம்பு வெடித்து இரத்தம் கொட்டினால் படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி 108-ஐ அழையுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, கூடவே மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

செலவுக்கு என்ன வழி?

தனியாரிடம் கடன் வாங்கிப் போவதற்கு முன் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்களுக்குச் சொன்ன சிகிச்சை அதில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

அந்த அக்காவுக்கு இறுக்கக் கட்டுப் போட்டு, பிறகு குழாய்க்கும் சிகிச்சை செய்தார்கள். புண் ஆறிவிட்டது. "முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு வருஷ வேதனை மிச்சம்" என்கிறார். அடுத்த கூட்டத்தில் வரவு செலவு பார்த்து முடித்ததும், ஒருவர் காலை ஒருவர் பார்த்துக் கேட்போமா?