மூடியைத் திறக்குமுன்: வால்வு பஃபரும் பயனீட்டாளர் உரிமையும்

மலேசியாவின் சுங்கை வேயில் 1970-களில் தடையற்ற வாணிப வட்டாரமும் அதன் மின்னணு ஆலைகளும் வந்த பிறகு, சால்டரிங் வேலை தெரிந்தவர் அக்கம்பக்கத்தில் இருப்பது அதிசயமில்லை. அதனால்தானோ என்னவோ, ‘வால்வு பஃபர்’ வாங்கிய கையோடு மூடியைக் கழற்றிவிடுகிறார்கள். சிடி பிளேயருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் நடுவே வைக்கும் சின்னப் பெட்டி அது. உள்ளே ஒன்றிரண்டு வால்வு (வெற்றிடக் குழாய்), சில கெப்பாசிட்டர். மலிவான பாகங்களை மாற்றினால் ஒலி மேம்படும் என்பது ஆசை. சில சமயம் மேம்படவும் செய்யும்.

ஆனால் வீட்டு மின்பெட்டியில் உள்ள ஈஎல்சிபி இந்தப் பெட்டிக்குள் நம்மைக் காப்பாற்றாது. பலருக்கு இது தெரிவதில்லை. வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. பஃபரில் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிய பிறகு வருவது தனிச் சுற்று. அங்கே 200, 300 வோல்ட் டிசி உங்கள் கை வழியாகப் பாய்ந்தாலும், ஈஎல்சிபி கணக்கில் ஒரு குறையும் தெரியாது. அது விழாது.

பிளக்கைப் பிடுங்கினாலும் ஆபத்து உடனே தீராது. 300 வோல்ட்டில் நிரம்பிய 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 4.5 ஜூல் சக்தியைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்வது கெட்ட பழக்கம்: தீப்பொறி பறக்கும், பாகமும் கெடும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் காப்பிட்ட வயர் பொருத்தி, கெப்பாசிட்டரின் இரு முனையிலும் பத்து விநாடி பிடியுங்கள். பிறகு மீட்டரால் அளந்து பாருங்கள். அளக்காமல் விரலை வைக்க வேண்டாம்.

பாகம் வாங்க மின்னணுக் கடைகள் உள்ள ஜாலான் பாசார் போகிறவர்கள் பெரும்பாலும் மைக்ரோஃபாரட்டை மட்டும் கேட்கிறார்கள். வோல்ட் அளவுதான் முக்கியம். வால்வு சூடேறி மின்சாரம் இழுக்கத் தொடங்கும்வரை உயர் மின்னழுத்தம் வழக்கத்தைவிட மேலே போகும். கெப்பாசிட்டர் அந்த உச்சத்தைத் தாங்க வேண்டும். வெளியீட்டுக் கெப்பாசிட்டர் கசிந்தால் டிசி நேரே ஆம்பிளிஃபயருக்குப் போகும், ஸ்பீக்கரையும் கெடுக்கலாம். மாற்றிய பிறகு, ஆம்பிளிஃபயரை இணைக்குமுன் வெளியீட்டில் டிசி இருக்கிறதா என்று பாருங்கள்.

வால்வு மாற்றுவது சுலபம் என்று தோன்றும். 6என்3-க்கும் 6டிஜே8-க்கும் ஒன்பது கால்தான், ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் முன்னதன் ஹீட்டர் 1, 9-ஆம் கால்களில்; பின்னதன் ஹீட்டர் 4, 5-இல். மாற்றிச் செருகினால் உயர் மின்னழுத்தம் தவறான இடத்துக்குப் போகும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் சிறிய 6ஜே1 பஃபர்களில் வேறொரு குழப்பம்: பலவற்றுக்கு ஏசி அடாப்டர்தான் வேண்டும், டிசி கொடுத்தால் சரியாக வேலை செய்யாது. அடாப்டரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாத அடாப்டரை இங்கே விற்கக் கூடாது.

பணம் அதிகம் போவது ‘பழைய முல்லார்ட்’ வால்வுகளில். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த பழையவை விலை உயர்ந்தவை. அதே பெயரில் இன்று ரஷ்யாவில் செய்து விற்பவையும் சட்டப்படியான சரக்குதான். புதியதைப் பழையது என்று சொல்லியோ, முத்திரையை அழித்து மாற்றிக் குத்தியோ விற்பதுதான் குற்றம்; வாணிப விவரிப்புச் சட்டம் 2011 இதற்குத்தான் இருக்கிறது.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி, பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பழுது பார்ப்பவர், மாற்றித் தருபவர் வேலையும் நியாயமான கவனத்தோடு நடக்க வேண்டும். ஆனால் நீங்களே சால்டரிங் செய்த பொருளில் ‘வாங்கும்போதே கெட்டிருந்தது’ என்று நிரூபிப்பது கடினம். உற்பத்தியாளர் உத்தரவாதமும் பொதுவாகப் போய்விடும். ஆகவே முதலில் திறக்காமலே சில நாள் ஓட விடுங்கள். குறை தெரிந்தால் திறக்காமல் புகார் செய்யுங்கள். திறப்பதானால் அதற்கு முன்பு படம் எடுத்து, ரசீதையும் விளம்பரப் படத்தையும் விற்பனையாளருடன் பேசிய செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள்.

கடைக்காரர் கையை விரித்தால், உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழுள்ள பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் முதலாம் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பொதுவாக வழக்கறிஞரை வைத்து வாதாட அனுமதியில்லை. இணையத்தில் வாங்கியதற்கும் இது பொருந்தும். ஆனால் விற்றவர் வெளிநாட்டில் இருந்தால், தீர்ப்பு கையில் இருந்தும் பணம் கைக்கு வருவது சந்தேகம். வியாபாரி அல்லாமல், தன் பழைய பெட்டியைத் தள்ளிவிடும் தனியாள்மீது இங்கே கோர முடியாது. அம்கார்ப் மால் வாரச் சந்தையில் வாங்குகிறவர்கள் விற்பவர் யார் என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொள்வது நல்லது.

மின்சாரம் தாக்கி உடலில் காயம் பட்டால் அந்தக் கோரிக்கையும் இந்த மன்றத்துக்கு உட்பட்டதல்ல. அதற்கு சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். 5 ரிங்கிட்டில் முடியாது.