இளஞ்சாராயத்தை மதிப்பிடும் முறை

மதுவகைகளைப் பற்றிப் பேசுவோர் முதலிற் கேட்கும் கேள்வி, “எத்தனை ஆண்டு?” என்பதே. வயது ஏறினால் தரம் உயரும், விலை குறைந்தால் தரமும் குறையும் என்பது பொது நம்பிக்கை. இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைப் புதுக்குடியிருப்பு மக்கள் நன்கறிந்த பனஞ்சாராயத்தைக் கொண்டு ஆராய்வோம்.

முதலில், சாராயத்துக்கு வயது என்பது யாது? அமெரிக்க நாட்டிலே பூர்பன் எனப்படும் விஸ்கி உண்டு. அதன் தானியக் கலவையில் நூற்றுக்கு 51 பங்கேனும் சோளமாக இருத்தல் வேண்டும். உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கலத்தில் அதனை இட்டுவைத்தல் வேண்டும். எத்தனை காலம் என்று சட்டம் பொதுவாக வரையறுக்கவில்லை. ‘ஸ்ட்ரெயிற்’ என்ற சிறப்புப் பெயரைப் பெறுவதற்கே இரண்டாண்டு வேண்டும். நான்காண்டு நிரம்பாததாயின் அதன் வயதைப் போத்தலிற் பொறித்தாக வேண்டும். ஆகவே, மலிவான இளம் விஸ்கியும் முறைப்படி செய்த சரக்காக இருக்கலாம். மரக்கலத்தில் இருக்கும் காலம் அதற்கு நிறத்தையும் நறுமணத்தையும் ஊட்டிக் காரத்தைத் தணிக்கின்றது. இலங்கையின் தென்னஞ்சாராயத்துக்கு இத்தொண்டைச் செய்வது ஹல்மில்ல என்று சிங்களத்தார் வழங்கும் மரம்.

பனஞ்சாராயமோ பெரும்பாலும் இளமையிலேயே விற்பனைக்கு வருகின்றது. மரத்தின் மணம் அதன் குறைகளை மறைப்பதில்லை. அதனால் கள்ளின் தன்மையும் வடித்தவரின் கைத்திறனும் அதில் வெளிப்படையாகத் தெரியும்.

மதிப்பிடுவோர் நிறத்தை நம்பலாகாது. கருக்கிய சீனியைக் கொண்டும் நிறம் ஏற்றலாம். சிறிதளவைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மூக்கைச் சற்றுத் தள்ளிவைத்து முகருதல் வேண்டும். காடி நெடி முந்தி வந்தால் புளிப்பேறிய கள் வடிக்கப்பட்டதென ஐயுறலாம். தீய்ந்த மணம் அடிபிடித்ததைக் காட்டும். பனங்கள்ளின் மணம் மெல்லத் தோன்றுமாயின் அது நல்ல அறிகுறி.

அடுத்து நீர் கலத்தல் வேண்டும். மதுசாரத்தின் செறிவு நாவை மரத்துப்போகச் செய்யும். விஸ்கி கலப்போரும் நூற்றுக்கு இருபது பங்களவு செறிவுக்கு நீர் சேர்த்தே முகர்ந்து பார்ப்பர். நீர் சேர்த்தபின் சுவை விரிந்தால் சரக்கு நன்று. வெறுங்காரமே எஞ்சினால் குறை வயதில் அன்று, வடிப்பிலே உள்ளது. காய்ச்சும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியைக் கொள்வதே வடிப்போரின் திறமை. மதிப்பிடுவோர் ஒரு வாயளவு சுவைத்து உமிழ்ந்துவிடுவர். குடித்தபின் நாவின் தீர்ப்பு தடுமாறும்.

ஆயினும் நாவுக்கு எட்டாத ஒன்று உண்டு. மெதனோல் என்னும் நஞ்சு கலந்திருப்பின் சுவையாலும் மணத்தாலும் அதனைப் பிரித்தறிய இயலாது. அது கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் கொல்லும். களவாகக் காய்ச்சும் கசிப்பை எவ்வளவு மலிவாயினும் ‘சுவைத்துப் பார்த்து’ ஏற்கலாம் என்பது பேதைமை. அனுமதி பெற்ற வடிசாலையின் சரக்கா என்பதே முதற்கேள்வி. சுவை அதன் பின்னரே.

இனி வயதைப் பற்றி மீண்டும் ஒரு சொல். சோளம் சில மாதங்களில் விளைகின்றது. அதிற் பிறந்த விஸ்கி கலத்திலே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றது. பனையோ பாளை விடுவதற்கே பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை எடுக்கும். சாராயம் இளையது, அதனை ஈன்ற மரம் முதியது. 2009 ஆம் ஆண்டுப் போரிலே புதுக்குடியிருப்பில் எத்தனையோ பனைகள் எறிகணைகளால் வட்டிழந்து மொட்டையாய் நின்றன. வட்டிழந்த பனை மீண்டும் தளிர்ப்பதில்லை. அதன்பின் ஊன்றிய விதைகள் இப்போதுதான் பாளைவிடும் பருவத்தை எட்டுகின்றன. அம்மரத்தில் ஏறிப் பாளை சீவி, முட்டி கட்டி இறக்கும் தொழிலாளியின் உழைப்பு நாள்தோறும் உயிரைப் பணயம் வைப்பது.

பனஞ்சாராயத்தின் விலை குறைவு என்பதனால் அதன் மதிப்பும் குறைவென்று தீர்ப்பளித்தல் நேர்மையாகாது. மது அருந்தாமை எவர்க்கும் நன்று. ஆயினும் ஒரு பொருளை மதிப்பிடப் புகுந்தால், சீட்டிலுள்ள ஆண்டையும் விலையையும் பின்னுக்குத் தள்ளி, அது எதிலிருந்து, எவர் கையால், எவ்வளவு கவனத்துடன் வந்தது என்று வினவுதலே முறையாகும்.