கைப்பேசியும் காதோரச் சூடும்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில், பள்ளத்தில் அமைந்த லயங்களுக்குள் கைப்பேசியின் அலை சரியாக எட்டுவதில்லை. போடிநாயக்கனூரில் இருக்கும் அம்மாச்சியிடம் பேச விரும்புவோர் மாலையில் அருகிலுள்ள மேட்டில் ஏறி நிற்பர். அரைமணி நேரம் பேசினால் காது சுடும். அலைகள் மூளையைச் சுடுகின்றன என்று அஞ்சுவோரும் உண்டு. அச்சூடு எங்கிருந்து வருகிறது?

அதன் பெரும்பகுதி மின்கலத்திலிருந்தும் உள்ளிருக்கும் மின்சுற்றுகளிலிருந்தும் வருவதாகும். காதோடு அழுத்திப் பிடிக்கும்போது தோலின் இயல்பான வெப்பமும் வெளியேற வழியின்றித் தங்குகிறது. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் கோடை வெயில் 40 டிகிரியை நெருங்கும் நாள்களில், யாரிடமும் பேசாமலேயே கைப்பேசி சுடுவதைக் காணலாம்.

எனினும், அலைகளும் சிறிது வெப்பத்தை உண்டாக்கவே செய்கின்றன. 900 மெகாஹெர்ட்ஸ் அலை நொடிக்கு 90 கோடி முறை அதிர்கிறது. நீர் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின் தன்மையும் மறுமுனை எதிர்மின் தன்மையும் உடையது. அலையின் அதிர்வுக்கேற்ப அம்மூலக்கூறுகள் திரும்ப முயன்று, ஒன்றோடொன்று மோதுவதால் வெப்பம் பிறக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு உணவைச் சூடாக்குவதும் இம்முறையிலேயே. இதைக் கேட்டவுடன் ‘மூளை வெந்துவிடும்’ என்று சொல்லித் திரிவோர் அளவை மறந்துவிடுகின்றனர். அடுப்பு பல நூறு வாட் ஆற்றலை உலோகப் பெட்டிக்குள் அடைத்து வைக்கிறது. இரண்டாம் தலைமுறைக் கைப்பேசி முழு ஆற்றலுடன் இயங்கினாலும் சராசரியாகக் கால் வாட் அளவே வெளியிடுகிறது. அதிலும் ஒரு பகுதியே தலைக்குள் செல்கிறது. மூளையோ தன் வேலையினாலேயே ஏறக்குறைய 20 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதனை ஓயாமல் சுமந்து செல்லும் குருதி, அலை தரும் வெப்பத்தையும் உடன் கொண்டு செல்கிறது. ஆகவே மூளையின் வெப்பநிலை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவே உயரும் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

உடல் திசு உட்கவரும் அலையாற்றலுக்கு அரசு வரம்பும் விதித்துள்ளது. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் அது கிலோகிராமுக்கு 1.6 வாட் ஆகும். ஒரு கிராம் திசுவின் சராசரியாக இது கணக்கிடப்படும். மனிதத் தலை வடிவப் பொம்மைக்குள் திசுவை ஒத்த நீர்மத்தை நிரப்பி இதனை அளக்கின்றனர். உடுக்குறி, சதுரக்குறி, 07, மீண்டும் சதுரக்குறி ஆகியவற்றை அழுத்தினால் பல கைப்பேசிகளில் இவ்வளவு திரையில் தோன்றும்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011இல் இவ்வலைகளைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்னும் பிரிவில் சேர்த்தது. அது வெப்பத்தைப் பற்றிய முடிவன்று. நெடுநேரம் பேசுவோரிடம் கிடைத்த, வரம்புக்குட்பட்ட சான்றுகளைக் கொண்டு செய்யப்பட்டது.

திரையில் தோன்றும் எண், கைப்பேசி முழு ஆற்றலுடன் இயங்கும்போது அளந்தது. கைப்பேசி எப்போதும் அவ்வாறு இயங்குவதில்லை. கோபுரத்தின் அலை தெளிவாகக் கிடைக்குமிடத்தில் அது மெல்லப் பேசும். மலை மறைக்குமிடத்தில், எதிர்மேட்டில் நிற்பவரைக் கூவி அழைப்பவர்போல ஆற்றலைக் கூட்டும். மேட்டில் ஏறுவோர் தெளிவான குரலை நாடியே ஏறுகின்றனர். கைப்பேசி வெளியிடும் ஆற்றலும் அங்கே தணிந்துவிடுகிறது. மழையால் வீட்டுக்குள்ளேயே பேச நேரிட்டால், ஒலிபெருக்கியை இயக்கி ஒரு சாண் தள்ளி வைத்தாலே தலையை அடையும் ஆற்றல் வெகுவாகக் குறையும். அம்மாச்சியின் குரலை வீட்டார் அனைவரும் கேட்கலாம்.