உங்களுக்குத் தெரியுமா? காபி சிலரின் வேகத்தைக் குறைக்கலாம்!

நெடுந்தூர ஓட்டப் பந்தயத்துக்கு முன் தெம்புக்காகக் குடிக்கும் காபியே சிலருக்கு எதிரியாகிவிடலாம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வில், 101 ஆண் வீரர்கள் 10 கி.மீ. சைக்கிள் ஓட்டினார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் காஃபீன் எடுத்தபோது, அதை வேகமாகச் சிதைக்கும் மரபணு வகையினர் 6.8% விரைவாக முடித்தார்கள். மிக மெதுவாகச் சிதைப்பவர்களுக்கோ 13.7% கூடுதல் நேரம் பிடித்தது. சைக்கிள் வேறு, நெடுந்தூர ஓட்டம் வேறு என்பார்கள். நியாயம்தான், எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவுமில்லை. ஆனால் இதே ஆய்வில் எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 3% லாபம் மட்டுமே தெரிகிறது. நஷ்டப்பட்டவர்கள் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகிறார்கள். காபிக்கு மாற்று தேடினாலும் கவனம்: ‘மூலிகை’ என்று விற்கும் குவாரனா பொடியிலும் இருப்பது இதே காஃபீன்தான்.